வீட்டுக்குப் பின்னால் வரும் ‘என்’

லாகோஸ்

“ஷென்ஜி மி டா?”

பின் இருக்கையிலிருந்து ஒரு பெண்ணின் குரல். வண்டி கிளம்பிவிட்டது. மஞ்சள் உடம்பில் கறுப்புப் பட்டை ஓடும் இந்தச் சிற்றுந்துகளை லாகோஸ்காரர்கள் டன்ஃபோ என்கிறார்கள். கதவை மூடும் பழக்கம் இல்லை. நடத்துனர் பையன் படியில் ஒரு காலும் வெளிக்காற்றில் ஒரு காலுமாகத் தொங்கிக்கொண்டு, அடுத்த நிறுத்தத்தின் பெயரைக் கூவிக்கொண்டிருந்தான். அந்தப் பெண் விடவில்லை. இன்னும் உரக்க, “ஷென்ஜி மி டா?” ஷென்ஜி என்றால் சில்லறை. ‘சேஞ்ச்’ என்ற ஆங்கிலச் சொல், நைஜீரியாவின் இந்தப் பகுதி மொழியான யொரூபாவின் வாய்க்குள் புகுந்து வெளிவந்த உருவம். டா என்றால் எங்கே. நடுவில் நிற்கும் ‘மி’தான் ‘என்’. என் சில்லறை எங்கே?

நம் ஊர்ப் பேருந்திலும் இந்தச் சண்டை அன்றாடம் நடப்பதுதான். சொற்களின் வரிசைதான் வேறு. தமிழில் உடையவர் முன்னால் வருவார், உடைமை பின்னால் வரும்: என் சில்லறை, என் வீடு. யொரூபாவில் பொருள் முன்னே, ஆள் பின்னே. இலே என்றால் வீடு. இலே மி, என் வீடு. இடையில் உருபு ஏதும் கிடையாது. ‘அது’, ‘உடைய’, ‘இன்’ என்று ஆறாம் வேற்றுமைக்கு நாம் பள்ளியில் உருப்போட்டதெல்லாம் இங்கே தேவைப்படாது. ஒமொ பிள்ளை, ஒபா அரசர். ஒமொ ஒபா என்று இரண்டையும் பக்கத்தில் நிறுத்திவிட்டால் அரசரின் பிள்ளை.

இந்தச் சின்னச் சொற்களின் பின்னால் என்னைப் போகவைத்தவர் இபாடான் ஊர்க்காரரான ஒரு நண்பர். சென்னையில் படித்த காலத்தில் தமிழ் பேசக் கற்றுக்கொண்டவர். ஒரு நாள் கேட்டார்: “என் பக்கத்து அறைப் பையன் வீட்டுக்கு ஒரே பிள்ளை. அவன் ஏன் ‘எங்க அம்மா’ என்கிறான்? அவனோடு சேர்த்து வேறு யாருக்கு அந்த அம்மா?” பேசத் தொடங்கிய நாளிலிருந்து சொல்லிவரும் சொல்லை அதுவரை நான் நின்று பார்த்ததில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அவர் அழைத்துக்கொண்டே இருந்தார். எங்கள் மொழியில் ‘என்’னும் ‘எங்கள்’ளும் எப்படி இருக்கின்றன என்று வந்து கேளுங்கள் என்பார். போனேன்.

அந்த டன்ஃபோவிலேயே அடுத்த பாடமும் கிடைத்தது. ஏறுகிறவர்களிடம் சில்லறையைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வது நடத்துனருக்கு ஓயாத வேலை. பள்ளிச் சீருடை போட்ட சிறுவனிடம் அது ‘ஷென்ஜி எ’. தலையில் பெரிய துணிக்கட்டு கட்டிய மூதாட்டியிடம் ‘ஷென்ஜி யின்’. முன்னது உன் சில்லறை, பின்னது உங்கள் சில்லறை. ஏட்டில் ‘ரெ’ என்று எழுதப்படும் ‘உன்’, பேச்சில் ரகரத்தை உதிர்த்துவிட்டு வெறும் ‘எ’ ஆகிவிடுகிறது. ‘யின்’ பன்மை. பலரைப் பார்த்தும் சொல்லலாம், மூத்தவர் ஒருவரைப் பார்த்தும் சொல்லலாம். அவ்வளவு நெரிசலிலும் கூச்சலிலும் அந்தப் பையன் இந்த இரண்டையும் இடம் மாற்றிச் சொல்லவே இல்லை. நீ, நீங்கள் என்று வயதறிந்து பேசும் வீட்டில் வளர்ந்தவனுக்கு இந்த இடம் உடனே பிடிபட்டுவிடுகிறது.

தேர்ட் மெயின்லேண்ட் பாலம் காயலின் மேல் 11.8 கிலோமீட்டர் நீள்கிறது. ஒரு பக்கம் மகோகோ: தண்ணீருக்குள் ஊன்றிய மரக்கால்கள் மேல் நிற்கும் வீடுகள், மீனைப் புகையில் வாட்டும் அடுப்புகளிலிருந்து எழும் நீலப் புகை. யொரூபாவில் லாகோஸுக்கு எக்கோ என்று பெயர். அந்த ஊரில் எல்லாமே விற்பனைக்கு நடந்து வருகிறது. தண்ணீர்ப் பை, செருப்பு, வறுத்த வாழைக்காய் எல்லாம் தலைச்சுமையில். விற்பவரின் பெயரிலேயே உடைமை இருப்பதைக் கவனித்தேன். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் மிளகாயும் சேர்த்துப் பொரித்தெடுப்பது அக்காரா. சாலையோரத்தில் அதைச் சுடும் அம்மாளுக்குப் பெயர் அலக்காரா, அதாவது அக்காராவை உடையவர். எஜா என்றால் மீன், எலெஜா மீன்காரர். வீட்டுக்காரர் ஓனிலே, பணக்காரர் ஓலோவோ. ‘ஓனி’ என்ற ஒரே முன்னொட்டு, அடுத்து வரும் உயிரெழுத்துக்கு ஏற்ப இத்தனை விதமாகத் திரிகிறது. வடைக்காரம்மா, மீன்காரர், வீட்டுக்காரர் என்று நாம் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் ஒட்டுகிறார்கள்.

ஒரு விளக்கம் சொல்லிவிடுகிறேன். நான் இங்கே ஓ என்றும் ஒ என்றும், ஏ என்றும் எ என்றும் எழுதுவது நீளத்தைக் காட்ட அல்ல. யொரூபாவில் வாயைக் குவித்துச் சொல்லும் ஓ ஒன்று, அகலத் திறந்து சொல்லும் ஒ ஒன்று. ஓவோ என்றால் பணம். வாயைத் திறந்து ஒவொ என்றால் கை.

அபெயோகுடா

லாகோஸிலிருந்து இபாடானுக்கு 2021 முதல் புதிய அகலமான பாதையில் ரயில் ஓடுகிறது. நகரம் விலகியதும் சிவப்பு மண் தொடங்கிவிடுகிறது. எண்ணெய்ப் பனைகள், மரவள்ளித் தோட்டங்கள், நடுவே தனித்து நிற்கும் ஒரு பள்ளிவாசலோ தேவாலயமோ.

எதிர் இருக்கையில் பணி ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தார். என் நோட்டில் இருந்த பட்டியலை வாங்கிப் பார்த்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “மி, ரெ, ரெ, வ, யின், வொன். ரெ இரண்டு தடவை இருக்கிறதே, இரண்டையும் சொல்லிக் காட்டு பார்ப்போம்.” பிறகு அவரே தொடங்கினார்.

யொரூபா மூன்று சுருதியில் பேசப்படும் மொழி. கீழ், நடு, மேல். ஆசிரியர்கள் இதைக் குழந்தைகளுக்கு டோ, ரே, மி என்று பாடிக் கற்பிக்கிறார்கள். நாம் ச, ரி, க என்று வைத்துக்கொள்ளலாம். நடுச்சுருதியில் ‘ரெ’ என்றால் உன். அதையே கீழே இறக்கிச் சொன்னால் அவனுடைய. அவளுடைய என்பதும் அதுதான், அதனுடைய என்பதும் அதுதான். அவர் வலது உள்ளங்கையைக் காற்றில் கிடையாகப் பிடித்தார்: “இலே ரெ.” உன் வீடு. கையை மடியை நோக்கித் தாழ்த்தினார்: “இலே ரெ.” அவன் வீடு. குரல் தாழ்ந்தது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் வீடு என் கையைவிட்டு வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

தனித்து நிற்கும் வடிவங்களை அதைவிட அழகாகச் சொல்லித் தந்தார். ‘டி’ என்ற சொல்லை முன்னால் சேர்த்தால் ‘என்னுடையது’, ‘உன்னுடையது’ எல்லாம் வந்துவிடுகின்றன. டேமி எனது. டிவ எங்களது. டியின் உங்களது. டிவொன் அவர்களது. மீதி இரண்டும் எழுத்தில் டிரெதான். கை தாழ்வில் தொடங்கி நடுவுக்கு ஏறினால் உன்னுடையது. நடுவில் தொடங்கித் தாழ்வுக்கு இறங்கினால் அவனுடையது. ஒன்றைப் புரட்டிப் போட்டால் மற்றது. கடலைத் தோல் விரலில் ஒட்டியிருக்க அவர் கை ஏறியும் இறங்கியும் காட்டியபோது, பக்கத்து இருக்கைச் சிறுமியும் சேர்ந்துகொண்டு கையை ஆட்டினாள்.

அவர் பள்ளியின் வருகைப் பதிவேட்டில் டேமிடோப்பேக்கள் நிறையப் பேராம். ‘எனக்கு வாய்த்தது நன்றிக்குரியது’ என்று பொருள். உலகமெங்கும் டெம்ஸ் என்று அறியப்படும் பாடகியின் பெயர் டேமிலாடே, மகுடம் என்னுடையது. இன்னொரு பாடகியான டிவா சாவேஜின் முழுப்பெயர் டிவாடோப்பே. அதில் ‘எனது’ போய் ‘எங்களது’ வந்துவிட்டது. ஒரு குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் ‘என்’ என்பதா ‘எங்கள்’ என்பதா என்று ஒரு குடும்பம் எண்ணிப் பார்த்துப் பெயர் வைக்கிறது. இந்தப் பெயர்களை அறிந்த பிறகு, இலக்கண நூலில் இவற்றைக் கட்டம் போட்டு அடுக்கியிருப்பதைப் பார்க்க எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அபெயோகுடா ரயில் நிலையத்துக்கு அந்த ஊரில் பிறந்த எழுத்தாளர் வோலே சோயிங்காவின் பெயரை வைத்திருக்கிறார்கள். ஊரின் பெயருக்கு ‘கல்லுக்கு அடியில்’ என்று பொருள். 1830 வாக்கில் போருக்குத் தப்பி வந்த எக்பா மக்கள் ஒலுமோ பாறையின் குகைகளில் ஒதுங்கினார்கள். அப்படி எழுந்த ஊர். மேலே ஏறிப் பார்த்தால் துருவேறிய தகரக் கூரைகள் சரிவு சரிவாக இறங்குகின்றன. அவற்றுக்கு அப்பால் ஓகுன் ஆறு.

பாறையைவிட இட்டோக்கு சந்தை என்னை அதிக நேரம் பிடித்துவைத்தது. அடிரெ என்னும் அவுரி நீலத் துணிகளின் சந்தை அது. துணியைச் சுருக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவது ஒரு முறை. மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சி, அதைக் கோழியிறகால் தொட்டுத் தொட்டுத் துணியில் கோலம் வரைந்து காயவைத்து முக்குவது இன்னொரு முறை. கூழ் படிந்த இடம் வெளுப்பாக நின்றுவிடும். இறகைப் பிடித்திருந்த பெண்ணின் நகக்கண்களில் நீலம் ஏறிப் போயிருந்தது. இரண்டு கடைகளின் துணிகள் ஒரே கொடியில் தொங்கின. நான் ஒன்றைத் தொட்டதும் அவர் தலை நிமிராமலே பிரித்துச் சொன்னார்: “டேமி நியி. டிவொன் நியென்.” இது என்னுடையது, அது அவங்களுடையது.

அவங்க என்றதும் பலர் சேர்ந்து நடத்தும் கடை என்று எண்ண வேண்டாம். பக்கத்துக் கடைக்கு உரியவர் ஒரே ஒரு கிழவியார், வெற்றுப் பெட்டியின் மேல் உட்கார்ந்து கோலா கொட்டையை மென்றுகொண்டிருந்தார். வயதில் மூத்தவரை முன்னிலையில் மட்டுமல்ல, படர்க்கையிலும் பன்மையில்தான் சொல்ல வேண்டும். நாம் ‘அவங்க கடை’ என்கிறோமே, அதே வழக்கம். கடலும் பாலைவனமும் கடந்து, உறவில்லாத இன்னொரு மொழி மரியாதைக்கு இதே பன்மையை எடுத்துக்கொண்டிருக்கிறது.

நைஜீரியாவின் முதல் செய்தித்தாள் இந்த ஊரில்தான் வந்தது. ‘இவே இரோஹின்’ என்ற அந்த யொரூபா இதழை 1859-இல் ஹென்றி டவுன்சென்ட் என்ற பாதிரியார் தொடங்கினார். சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டு, கப்பலிலிருந்து மீட்கப்பட்டு, பின்னர் ஆயர் ஆன சாமுவேல் அஜாயி கிரௌத்தர் தலைமையில் நடந்த விவிலிய மொழிபெயர்ப்பு 1884-இல் முழுமை பெற்றது. ரோமன் எழுத்தின் கீழே புள்ளி வைத்து ஒகரத்தின் இரு வகையையும் எகரத்தின் இரு வகையையும் பிரித்துக் காட்டியது அந்தத் தலைமுறை. எ, ஏ, ஒ, ஓ வேறுபாட்டை எழுத்தில் நிலைநிறுத்திய வீரமாமுனிவரை நினைக்காமல் இருக்க முடியவில்லை. ஓலைச்சுவடிகளில் புள்ளி இட மாட்டார்கள். படிப்பவரே இடம் பார்த்துச் சொல்லைத் தேற்றுவார். இன்றைய நைஜீரியச் சுவரொட்டிகளும் அப்படித்தான். சுருதிக்கோடுகள் பெரும்பாலும் இல்லை. ‘உன்’னும் ‘அவன்’னும் அச்சில் ஒன்றாகிக் கிடக்க, கடந்து போகிறவர்கள் தயங்காமல் படித்துவிடுகிறார்கள்.

இபாடான்

நண்பரின் தாயார் வாசலிலேயே நின்றிருந்தார். பயணத்திலிருந்து வந்தவருக்கென்று தனி வணக்கம் உண்டு, அதைச் சொன்னார். இந்த மொழியில் வேலை செய்பவருக்கு ஒரு வணக்கம், உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வணக்கம். நண்பர் நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்து எழுந்தார்; வெளியூரில் உத்தியோகம் பார்ப்பவர், நாற்பதை நெருங்குபவர். தாயை அங்கே மாமா என்கிறார்கள். தமிழ்க் காது அதற்குப் பழகக் கொஞ்ச நேரம் பிடிக்கும்.

மதியம் அமலா. பெருவள்ளி வகைக் கிழங்கைக் காயவைத்து அரைத்த மாவைக் கொதிநீரில் கொட்டி, நீண்ட மரத்துடுப்பால் பானையின் ஓரத்தோடு அழுத்தி அழுத்திக் கிளறுகிறார்கள். கட்டி தட்டாமல் வர இரண்டு தோளின் பலமும் வேண்டும். வெள்ளைக் கிழங்கு, களியாகும்போது பழுப்பும் கறுப்புமாக மாறிவிடுகிறது. தொட்டுக்கொள்ள, சணல் செடியின் கீரை. அதைக் கடைய மத்து இல்லை. ஈர்க்குகளைக் கட்டிய ஒரு குட்டித் துடைப்பத்தைப் பானைக்குள்ளேயே குத்திக் குத்திக் கீரையை வழுவழுப்பாக்கினார் மாமா. பக்கத்தில் பயற்றங்குழம்பு மஞ்சளாக, மேலே மிளகாய்க் குழம்பு சிவப்பாக. மூன்றையும் ஒரே கிண்ணத்தில் ஊற்றினால் அபுலா. கையால்தான் சாப்பிட வேண்டும், வலது கையால். நான் பிசைந்து எடுத்த விதத்தைப் பார்த்து மாமாவுக்கு முகம் மலர்ந்தது.

‘ஒபெ வ’ என்றார் அவர், கிண்ணத்தைக் காட்டி. ‘வ’ என்றால் நாம், நாங்கள் இரண்டுக்கும் பொதுவான உடைமைச் சொல். நம் குழம்பா, எங்கள் குழம்பா? தமிழில் இது தெளிவாக இருக்கும். ‘எங்க ஊர்க் குழம்பு’ என்றால் கேட்பவர் வெளியே. ‘நம்ம குழம்பு’ என்றால் அவரும் உள்ளே. யொரூபாவில் அந்தப் பிரிவு இல்லை. நண்பரிடம் கேட்டேன். அவர் சென்னையில் இருந்தபோது இந்தப் பிரிவைக் கற்கப் பட்ட பாட்டைச் சொன்னார். “நீங்கள் முதல் சொல்லிலேயே ஆளை உள்ளே விட்டுவிடுகிறீர்கள் அல்லது வெளியே நிறுத்திவிடுகிறீர்கள். எங்களுக்கு அவசரம் இல்லை. பேசுகிறவரின் முகத்தைப் பார்ப்போம்.” தமிழின் நுட்பம் எனக்குப் பெருமைதான். ஆனால் விருந்தாளியை வாசலில் வைத்தே தரம் பிரிக்காத இந்தப் பொதுச்சொல்லின் தாராளமும் பிடித்திருந்தது.

பழைய கேள்வியை நண்பர் தாயாரிடம் சொல்லிச் சிரித்தார்: ஒற்றைப் பிள்ளையின் ‘எங்க அம்மா’. மாமா சிரிக்கவில்லை. தான் பிறந்த பெரிய கூட்டு வளவில் இயா என்று, அம்மா என்று, அழைத்தவர்களை விரல் விட்டு எண்ணத் தொடங்கினார். பெற்றவள், தகப்பனாரின் மற்ற மனைவிகள், பாட்டி, தகப்பனாரின் அக்காள், பக்கத்து அடுப்பில் சமைத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஊட்டிய ஒருத்தி. ‘இயா மி’ என்று தனித்து அழைத்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களாம்.

அந்த வீட்டுக்குப் புதிதாக ஒரு மருமகள் வந்திருந்தாள், நண்பரின் தம்பி மனைவி. மாமாவும் அவளை ‘இயாவோ வ’ என்றார், நாத்தனார்களும் அப்படியே, பள்ளிக்குப் போகும் பொடியன்களும் அப்படியே. ‘எங்கள் மனைவி’ என்பது நேர்ப்பொருள். வீடு மொத்தத்துக்கும் வந்த பெண் என்பது வழக்கு. அவளோ ஒரு நாத்தனாரின் முன்னால் முழங்காலிட்டு, ‘ஒக்கொ மி’ என்றாள். ஒக்கொ என்றால் கணவர். ஒரு பெண் இன்னொரு பெண்ணை ‘என் கணவரே’ என்கிறாள்! ஒயெரோன்கே ஒயேவூமி என்ற சமூகவியலாளர் 1997-இல் வெளியான தம் நூலில் இதைத்தான் விரித்துப் பேசுகிறார். மணம் முடித்துப் புகுந்த வீட்டில், தான் வருவதற்கு முன்பே பிறந்திருக்கும் ஆண், பெண் அனைவரும் அவளுக்கு ‘ஒக்கொ’தான். அங்கே எடை போடப்படுவது ஆணா பெண்ணா என்பதைவிட, யார் இந்த வீட்டுக்கு முன்னால் வந்தார் என்பது. ‘ரெ’ என்ற ஒரே சொல் அவனுக்கும் அவளுக்கும் பொதுவாக இருக்கும் மொழியில் அவர் வாதம் எளிதாக வேர் பிடிக்கிறது.

புகுந்த வீட்டில் தான் வருவதற்கு முன் பிறந்தவர்களை அவள் பெயர் சொல்லி அழைக்கவும் கூடாது. கொழுந்தன் வயதில் சிறியவன்தான். அவனுக்கு ‘அக்கொவே’ என்று, எழுத்தர் என்று, தானே ஒரு செல்லப்பெயர் சூட்டியிருந்தாள். கணவன் பெயரை வாயால் சொல்லாத என் பாட்டியின் காலம் நம் ஊரில் ஏறக்குறைய முடிந்துவிட்டது. இங்கே அது பட்டப்பெயராக மாறி, அன்றாடம் அழகாகப் புழங்குகிறது. அந்த மரியாதையின் சுமை பெண்ணின் தோளில்தான் கூடுதலாக விழுகிறது என்பதும் முழங்காலிட்டு எழும் அவளைப் பார்க்கும்போது தெரியத்தான் செய்தது.

இரவில் மின்சாரம் போனதும் மாமா ஆமைக் கதை சொன்னார். யொரூபாக் கதைகளின் சூழ்ச்சிக்காரன் இஜாப்பா என்னும் ஆமை. அவன் மனைவி யானிபோ. ‘வாய் ரெ’, ‘வயிறு ரெ’ என்று கதை ஓடும்போது, சொல்லால் அது ஆமையின் வயிறா மனைவியின் வயிறா என்று பிரிக்க முடியாது. குழந்தைகள் குழம்பவில்லை. மாமாவின் குரல் மாறுவதை வைத்தே யாருடையது என்று அறிந்துகொண்டார்கள்.

இலே இஃபே

உலகம் தோன்றிய இடம் இஃபே என்பது யொரூபா மக்களின் நம்பிக்கை. ஊரின் பெயரிலேயே இலே, வீடு, இருக்கிறது. ஓனி என்னும் அரசரின் அரண்மனைக்குப் பக்கத்தில் அருங்காட்சியகம். 1938-இல் வுன்மோனிஜே வளவில் வீடு கட்டத் தோண்டியபோது செப்பு உலோகத் தலைகள் பல வெளிப்பட்டன. முகம் முழுவதும் மெல்லிய கோடுகள் இறங்கும் அமைதியான தலைகள். அவற்றில் ஒன்று அடுத்த ஆண்டே லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது.

வழிகாட்டி இளைஞர் ‘ஓரி மி’ பற்றிச் சொன்னார். ஓரி என்றால் தலை. ஆனால் ‘ஓரி மி’, என் தலை, என்பது அங்கே வேண்டுதலும்கூட. ஒவ்வொருவரும் பிறக்கும் முன் தேர்ந்தெடுத்து வரும் உள்தலை ஒன்று உண்டு; விதியும் அதுவே, காக்கும் தெய்வமும் அதுவே. நாமும் தலையெழுத்து என்கிறோம். ஆனால் அது நமக்கு வேறொருவர் எழுதியது. அவர்களுக்கு ஓரி தாமே தேர்ந்துகொண்டது, அதனால் உரிமையோடு ‘மி’ சேர்த்துக் கூப்பிட முடிகிறது.

லண்டனில் உள்ள தலையின் படத்தைக் காட்டி அவர் இரண்டே சொல் சொன்னார்: “டிவ நி.” எங்களுடையது. பொதுச்சொல்லான ‘வ’வுக்கு இங்கே எல்லை இருந்தது, என்னை அதில் சேர்க்க நான் கேட்கவும் மாட்டேன். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பத்தூர் நடராசர் என் நினைவில் வந்தார். திருட்டுப்போய் லண்டன் சென்ற அந்தச் சிலைக்காக, இடிந்த கோயிலின் சார்பில் அங்கேயே வழக்காடி, 1991-இல் மீட்டுக் கொண்டுவந்தோம். கோயிலும் வழக்கில் ஒரு தரப்பாக நிற்கலாம் என்று அந்த நீதிமன்றம் ஏற்றது. இதை அவரிடம் சொன்னேன். ஊரின் பெயரை எழுதித் தரச் சொல்லிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

எரின் ஓசுன்

ஓசுன் ஆற்றங்கரைப் புனிதத் தோப்பு ஒஷொக்போ நகரின் விளிம்பில் இருக்கிறது. 2005 முதல் உலக மரபுச் சின்னம். ஆற்றுத் தெய்வத்தை அடியார்கள் யேயே, தாயே, என்கிறார்கள். ஆஸ்திரியாவிலிருந்து வந்து இங்கேயே வாழ்ந்து 2009-இல் மறைந்த சூசன்னே வெங்கரின் மண் சிற்பங்கள் மரங்களுக்கு நடுவே எழுந்து நிற்கின்றன. அங்கிருந்து சற்றுத் தொலைவில் எரின் ஓசுன், மேளக்காரர்களின் ஊர். மேளக் குடும்பத்துப் பிள்ளைகளின் பெயர் ‘ஆயான்’ என்று தொடங்கும்.

டுன்டுன் என்பது இடை சிறுத்த மேளம், உடுக்கையின் பெரிய அண்ணன். இரு முகங்களையும் இணைக்கும் தோல்வார்களை இடக்கையால் இறுக்கினால் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். வளைந்த கோலால் அடித்துக்கொண்டே மூன்று சுருதியிலும் மனிதப் பேச்சைப் பேசவைக்கிறார்கள். முதன்மை மேளத்துக்கு இயா இலு, மேளங்களின் தாய், என்று பெயர். முதியவர் அதைத் தோளில் மாட்டியிருந்தார். பக்கத்தில் பன்னிரண்டு வயதிருக்கும் மகன், அதைவிடச் சிறிய கங்கனோடு.

‘உன் வீடு’ வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். ‘அவன் வீடு’ என்றேன். கடைசி அடியில் வாரைத் தளர்த்தினார்; ஓசை சரிந்து விழுந்தது. ரயிலில் ஆசிரியை கையால் காட்டியது இங்கே தோலில் கேட்டது. பிறகு ‘என் வீடு’ கேட்டேன். ‘உன் வீடு’ போலவே ஒலித்தது. ‘எங்கள் வீடு’, அதுவும் அப்படியே. ‘அவர்கள் வீடு’, மாற்றமே இல்லை. அப்போதுதான் உறைத்தது. மி, ரெ, வ, வொன் நான்கும் நடுச்சுருதி. மேளத்துக்கு உயிரும் மெய்யும் கிடையாது, சுருதி மட்டும்தான். ஆகவே மேளத்தின் வாயில் என், உன், எங்கள், அவர்கள் எல்லாம் ஒரே அடி. மேலே ஏறும் ‘யின்’னும் கீழே இறங்கும் ‘ரெ’யும்தான் விலகி நிற்கின்றன. மூத்தவரை விளித்துச் சொல்வதும், இங்கில்லாத ஒருவரைக் குறிப்பதும் மேளத்துக்குத் தெரியும். மற்றவர்களை அது பிரிப்பதில்லை.

கேட்பவர் எப்படிப் புரிந்துகொள்வார் என்றேன். தனிச்சொல்லாக வாசிக்க மாட்டோம் என்றார் முதியவர். யாருடைய குலப்புகழை வாசிக்கிறோமோ அவர் எதிரிலேயே நிற்பார். தலைமுறை தலைமுறையாக வரும் நீண்ட தொடர்கள் அவருக்கு மனப்பாடம். முதல் சில அடியிலேயே முழுவதையும் கண்டுகொள்வார். சொல்லிவிட்டு என் ஊரைக் கேட்டார், தகப்பனார் தொழிலைக் கேட்டார். ஏதோ நீளமாக வாசித்தார். சுற்றி நின்ற பிள்ளைகள் என்னைப் பார்த்துக் கை தட்டினார்கள்.

விழாக்களில் மேளக்காரர் நெற்றியில் பணத்தாளை ஒட்டி மகிழ்வது பழைய வழக்கம். பணத்தாளை வீசுவதும் மிதிப்பதும் நைஜீரியச் சட்டப்படி இன்று குற்றம் என்பதால் கையில் கொடுப்பதே நல்லது. வலது கையால் முதியவரிடம் நீட்டி, “டியின் நி” என்றேன், உங்களுடையது. அவர் தலையசைத்து வாங்கிக்கொண்டார். மகனிடம் ஒரு தாளை நீட்டி, கீழே தொடங்கி நடுவுக்கு ஏற்றி, “டிரெ நி” என்றேன். பையன் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, கங்கனை அக்குளில் இடுக்கி, நான் சொன்னதையே வாசித்துக் காட்டினான். கீழ், நடு, நடு. தகப்பனார் உடனே கோலை உயர்த்தி, தமக்கு நான் சொன்னதை வாசித்தார். நடு, மேல், நடு. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து, ஒரு கூட்டம் ‘டிரெ நி’ என்றும் மறு கூட்டம் ‘டியின் நி’ என்றும் கத்தத் தொடங்கிவிட்டார்கள்.